மக்கும் பிளாஸ்டிக்குக்காக வாதாடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கேஜிங் கண்காட்சிகளில் இப்போதெல்லாம் வரிசைக்கு இரண்டு மக்கும் பிளாஸ்டிக் ஸ்டால் இருக்கிறது. பச்சைச் சட்டை போட்ட பையன்கள், தட்டில் கொஞ்சம் மக்காச்சோளம், பக்கத்தில் மொறமொறவென்று புதுக் கவர். பேச்சைக் கேட்டால், பத்து வருடத்துக்கு முன்னால் நாங்கள் பேசியது வரி மாறாமல் அப்படியே வருகிறது. நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். இந்தச் சரக்குக்கு ஒரு இடம் உண்டு என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி வாதாடுவது என் வேலையில் பாதி. அதனால்தான் எரிச்சல் வருகிறது.

சான்றிதழ் இல்லாமல் விற்காதே, கவரில் பொய் முத்திரை அடிக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

"செடியிலிருந்து வந்தது, அதனால் மக்கும்"

எதிலிருந்து செய்தது என்பது ஒரு கணக்கு, மக்குமா என்பது வேறு கணக்கு. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலில் பெரிய அளவில் பாலித்தீன் செய்கிறது. கரும்பில் தொடங்கினாலும் முடிவில் கிடைப்பது நம் பால் கவரில் இருக்கும் அதே பாலித்தீன்தான், மக்காது. மறுபக்கம், மக்கும் கவர்களில் அதிகம் சேர்க்கப்படும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் மக்கும். 'நூறு சதவீதம் தாவரம்' என்று நோட்டீஸ் அடித்துவிட்டுப் போய் உட்காருவீர்கள். எதிரில் இருப்பவர் உங்கள் ரெசினின், அதாவது கவர் செய்யும் மூலப்பொருளின், டேட்டா ஷீட்டை எடுத்து மேஜையில் வைப்பார். அதோடு கூட்டம் முடிந்தது.

"மண்ணுல போட்டா மக்கிடும் சார்"

எத்தனை வருடமானாலும் என்னால் பொறுக்க முடியாத வரி இது.

நாம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டும் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 சான்றிதழ் என்ன சொல்கிறது? சுமார் 58 டிகிரி சூடு, போதிய ஈரம், காற்றோட்டம். இதெல்லாம் இருந்தால், 180 நாளுக்குள் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. இது பெரிய உரக்கூடத்தின் குவியலுக்கான சோதனை. தென்னை மரத்தடிப் பாத்திக்கோ ரோட்டோரச் சாக்கடைக்கோ இதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் கவர்களை மண்ணில் புதைத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மக்கும் கவர் 27 மாதம் கழித்தும் மண்ணில் இருந்தது. பொருளைப் போட்டுத் தூக்கினால் கிழிந்தது, அவ்வளவுதான்.

புதிதாக ஏஜென்சி எடுத்த தம்பி ஒருவர், கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் ஒருவரிடம் இந்த வரியைச் சொல்லியே ஆர்டர் பிடித்தார். எச்சில் இலை, மிச்சச் சோறு எல்லாம் பச்சைக் கவரில் கட்டி உரமாக்கும் மையத்துக்குப் போனது. பெருமையாகக் காட்டுவதற்காக என்னையும் கூட்டிப்போனார். அங்கே தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் ஒவ்வொரு கவராகக் கிழித்து, உள்ளே இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கவரை உதறி பிளாஸ்டிக் மூட்டையில் திணித்துக்கொண்டிருந்தார். "அம்மா, இது மக்குற கவரும்மா" என்றார் தம்பி. "எல்லாக் கவரும் கவருதான் தம்பி. உள்ள போச்சுன்னா என்னையத்தான் திட்டுவாங்க" என்றபடி அடுத்ததைக் கிழித்தார்.

அந்த அம்மா செய்ததுதான் சரி. அந்தத் தொட்டியில் அத்தனை சூடு ஏறாது. 12 வாரம் காத்திருக்க அங்கே இடமும் கிடையாது. சலிக்கும்போது கந்தலாக வந்து நிற்கும். பார்வைக்கும் தொடுவதற்கும் சாதாரணக் கவர் மாதிரியே இருப்பதைப் பிரித்தறிவது அவர் வேலையும் அல்ல. காண்ட்ராக்டர் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் தரவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பச்சைக் கவர் டுபாக்கூர் என்று மண்டபக்காரர்கள் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கும் அங்கே நல்ல சரக்கோடு போகிறவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

இத்தாலியைப் பாருங்கள். 2011இல் சாதாரண கேரி பேக்குக்குத் தடை போட்டு, மக்கும் கவருக்கு வழி விட்டார்கள். மிலான் நகரம் 2012இல் வீடு வீடாக உணவுக் கழிவைத் தனியாக எடுக்கத் தொடங்கி, 2014க்குள் நகரம் முழுக்கக் கொண்டுவந்தது. அங்கே கவர் என்பது சமையலறைக் கூடை, வண்டி, உரக்கூடம் என்ற வரிசையில் ஒன்று. ஆக, அரசிடம் சலுகை கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால், உங்கள் ஊரில் இந்தக் கவரை வாங்கிக்கொள்ளும் உரக்கூடம் எது என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டு மனு எழுதுங்கள்.

வெந்நீர் வித்தை

கவரை வெந்நீரில் போட்டுக் கரைத்து, அதை ஒரு மடக்கு குடித்தும் காட்டுவார்கள். கைதட்டல் பலமாக இருக்கும். இப்படிக் கரைபவற்றில் பல, பாலிவினைல் ஆல்கஹால் என்ற தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக். தண்ணீரில் கரைந்துவிட்டால் மக்கிவிட்டது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு போகிறது. அப்புறம், தண்ணீர் பட்டால் கரைகிற கவரில் ஈரக் குப்பையை எப்படிக் கட்டுவது என்று யாராவது கேட்டால் பதில் வைத்திருங்கள்.

பிஎல்ஏ டம்ளரில் சூடான டீ

ஊற்றிக் காட்டாதீர்கள். பிஎல்ஏ என்பது பெரும்பாலும் மக்காச்சோளம் போன்ற பயிரிலிருந்து செய்யும் மக்கும் பிளாஸ்டிக்; 60 டிகிரியை நெருங்கினாலே குழையும்.

குடோன்

தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை கிடந்தால், கவர் பிரிக்கும்போதே கிழியும்.

மறுசுழற்சிக்காரர்களைப் பகைத்துக்கொள்வது

"இனி ரீசைக்கிளிங்கே தேவையில்லை" என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிஎல்ஏ பாட்டிலும், கடையில் தண்ணீர் வரும் சாதாரண பெட் பாட்டிலும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் தண்ணீர்த் தொட்டியில் பாலித்தீன் மிதக்கும், இவை இரண்டும் மூழ்கும், அதனால் அங்கேயும் பிரியாது. பெட் செதிலைச் சுமார் 160 டிகிரியில் உலர்த்தும்போது, கலந்து வந்த பிஎல்ஏ இளகிக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெஷினை நிறுத்திச் சுரண்டுகிறவருக்கு நம் மேல் கோபம் வராமல் என்ன செய்யும்? பெட் நன்றாகச் சுற்றி வரும் இடத்தில் நமக்கு வேலையில்லை. அதை நாமே முதலில் சொல்லிவிட்டால், அவர்களும் நமக்கு எதிராக மனு போட மாட்டார்கள்.

மஞ்சப்பையோடு மல்லுக்கட்டுவது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை; 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. அரசு துணிப்பையைத் தூக்கிப் பிடிக்கும் ஊரில், மளிகைக்கு எங்கள் கவரை அனுமதியுங்கள் என்று கேட்பது என்ன சாமர்த்தியமோ. துணிப்பை பத்துத் தடவை, நூறு தடவை வரும். நம்முடையது சாப்பாடு ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கான சரக்கு: ஈரக் குப்பைக் கவர், டீ பேக், பழத்தின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் சட்டம், பழ ஸ்டிக்கரும் டீ பேக்கும் 2028 பிப்ரவரி முதல் உரக்கூடத்தில் மக்க வேண்டும் என்கிறது. நம் ஆட்களோ கேரி பேக்கையே பிடித்துத் தொங்குகிறார்கள். ஸ்டிக்கரின் பசை மக்குமா என்று என்னிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.