இணையப் பக்கத்தில் தேதி: திரைவாசிப்பானில் கேட்பவரை மறக்கும் தவறுகள்

இணையப் பக்கத்தில் போடும் தேதி இரண்டு இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். தேடுபொறி, காலண்டர் செயலி போன்ற நிரல்களுக்கு 2025-01-14 என்ற ஐஎஸ்ஓ 8601 சர்வதேசத் தர வடிவம் தேவை. மனிதருக்கு ‘2025 ஜனவரி 14’ போதும். நிரலுக்காக எழுதியதை, திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாக மனிதரின் காதுக்கு அனுப்பிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

இது புதிய தவறும் அல்ல. ஹெச்கேலண்டர் என்ற மைக்ரோஃபார்மேட்டில் (நிகழ்ச்சி விவரங்களை நிரல்களும் படிக்கும்படி இணையப் பக்கத்தில் குறிக்கும் முறை), சுருக்கச் சொற்களுக்கான ‘ஆப்ர்’ டேகுக்குள் படிக்கும் தேதியை எழுதி, நிரலுக்கான நீண்ட வடிவத்தை அதன் ‘டைட்டில்’ பண்பில் வைப்பார்கள். பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் சுருக்கங்களை விரித்துப் படிக்கும்படி அமைத்திருந்த திரைவாசிப்பானோ, தேதியை விட்டுவிட்டு எண்கள், நடுவில் ‘டி’ என்ற எழுத்து, மறுபடி எண்கள் என்று வாசித்தது. நிகழ்ச்சி என்றைக்கு என்று அறிய வந்தவர் அதிலிருந்து எதைப் பிடித்துக்கொள்வார்? 2007-இல் இணைய அணுகல்தன்மை வல்லுநர்களான புரூஸ் லாசனும் ஜேம்ஸ் கிரெய்கும் இதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்கள். 2008 ஜூனில் பிபிசி தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து ஹெச்கேலண்டரை எடுத்துவிடுவதாக அறிவித்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்று இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல்-இல் ‘டைம்’ டேக் இருக்கிறது. மனிதருக்கான தேதியை டேகுக்குள்ளும், நிரலுக்கானதை ‘டேட்டைம்’ பண்பிலும் எழுதலாம். திரைவாசிப்பான்கள் பொதுவாக உள்ளே இருக்கும் உரையைத்தான் படிக்கும். அப்புறமும் சிலர் பழக்கத்தில் இதற்கும் ஒரு ‘டைட்டில்’ சேர்க்கிறார்கள். ‘3 மணி நேரம் முன்பு’ என்று எழுதிவிட்டு, முழுத் தேதியை மவுஸை மேலே வைத்தால் மட்டும் தெரியும் டைட்டிலில் ஒளித்து வைப்பதும் உண்டு. மவுஸ் இல்லாதவருக்கும் கைபேசியில் படிப்பவருக்கும் அது எட்டாது. முழுத் தேதி முக்கியமென்றால் கண்ணுக்குத் தெரியும் உரையிலேயே எழுதுங்கள். திரைவாசிப்பானுக்கு மட்டும் வேறு உரை தரும் ‘ஏரியா-லேபிள்’ பண்பைப் போட்டு இதைச் சரிக்கட்டவும் வேண்டாம். ‘டைம்’ டேகில் அது எல்லாத் திரைவாசிப்பானிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

தமிழ்ப் பக்கங்களில் ‘தை 1’ என்று மட்டும் எழுதி ‘டைம்’ டேகில் அடைத்தால் அது பிழை. ‘டேட்டைம்’ பண்பு இல்லாவிட்டால் உள்ளே உள்ள உரையே நிரல் படிக்கும் வடிவில் இருந்தாக வேண்டும். அந்த வடிவம் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மட்டுமே உண்டு. ஆகவே உரையில் ‘தை 1’ இருக்கட்டும், பண்பில் 2025-01-14 போடுங்கள். இரண்டும் ஒரே நாள்தானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மொழியைச் சொல்லும் ‘லாங்’ பண்பில் தமிழுக்கான குறியீடு இல்லாவிட்டால் தமிழ் மாதப் பெயரை ஆங்கிலக் குரல் படிக்க முயலும். பாதிப் பெயர் காணாமலே போகலாம்.

அழகுக்காக நாளைப் பெரிய எழுத்திலும் மாதத்தைக் கீழேயும் ஆண்டை ஓரத்திலுமாக மூன்று பெட்டிகளில் போடும் வடிவமைப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கைபேசியில் விரலால் தள்ளிக் கேட்பவருக்குப் பதினான்கு, ஜனவரி, ஆண்டு என்று மூன்று துண்டுகளாக வந்து விழக்கூடும். 03/04/2025 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? பார்ப்பவருக்கே குழப்பம், மாதத்தைப் பெயராலேயே எழுதுங்கள். ‘10-14’ என்பதில் நடுக்கோட்டைச் சில குரல்கள் விழுங்கிவிடும். ‘10 முதல் 14 வரை’ என்றால் சிக்கலே இல்லை.

நேர மண்டலத்தையும் கவனியுங்கள். நாள் மட்டுமே உள்ள 2025-01-14-ஐ ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் ‘டேட்’ யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அதைப் பார்ப்பவரின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டினால் அமெரிக்காவில் இருப்பவருக்கு ஜனவரி 13 என்று வரும். நிகழ்ச்சிக்கு நேரம் உண்டென்றால் இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 சேர்த்து எழுதுங்கள். நாள் மட்டும் போதுமென்றால் அதை உள்ளூர் நேரமாக மாற்றாமல் விட்டுவிடுங்கள்.