குஞ்சுப் பெட்டியைச் சூளை ஆக்காதீர்கள்: சிங்கப்பூரில் புரூடர் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாய்க்கோழி இல்லை. இறக்கைக்குள் அணைத்துச் சூடு கொடுக்கும் வேலையை முதல் சில வாரங்களுக்கு ஒரு பெட்டியும் ஒரு விளக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். புரூடர் என்பது அவ்வளவுதான். வீட்டிலேயே செய்துவிடலாம், பெரிய செலவும் இல்லை. சிக்கல் என்னவென்றால், இணையத்தில் நாம் பார்க்கும் செய்முறைகளில் பலவும் குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. அவற்றை அப்படியே ஈசூனிலோ சிராங்கூன் கார்டன்ஸிலோ கார் நிறுத்துமிடத்தில் செய்து வைத்தால், குஞ்சு குளிரில் சாகாது. வெந்து சாகும்.

பெட்டிக்கு முன்னால் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. "குஞ்சாக இருக்கும்வரை மட்டும் வைத்துக்கொள்கிறேன்" என்ற கணக்கும் செல்லாது. தரைவீட்டில் இருப்பவர்கள் விற்பனைக்கு அல்லாமல் 10 கோழி வரை, வெளிப்பறவைகள் நுழைய முடியாத வலையடைப்புக்குள் வளர்க்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் விதிகளை ஒருமுறை படித்துவிட்டே முட்டையை வையுங்கள். பூங்காவில் தாயோடு திரியும் குஞ்சுகளைப் பிடித்து வந்து வளர்க்கும் ஆசையும் வேண்டாம். அவற்றில் பல இந்த மண்ணுக்கே உரிய சிவப்புக் காட்டுக்கோழிகள். வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

35 டிகிரி என்ற மந்திரம்

முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வா என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த 35-இல் எவ்வளவை வானிலையே தந்துவிடுகிறது என்பதை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. அறை 15 டிகிரியில் இருக்கும் ஊரில் விளக்கு 20 டிகிரியைச் சேர்க்க வேண்டும். அதனால்தான் அங்கே 250 வாட் விளக்கு. இங்கே பகலில் நிழலிலேயே 31, 32. முதல் வாரத்தில்கூட பகலுக்குத் தேவைப்படுவது மூன்று நான்கு டிகிரிதான். இரவில் 25 வரை இறங்கும்போதுதான் விளக்குக்கு உண்மையான வேலை. இரண்டாம் வாரத்தில் பகல் விளக்கே பெரும்பாலும் தேவையில்லை. நான்காம் வாரத்தில் இரவிலும் அணைத்துவிடலாம்.

இது புரியாமல் 250 வாட் விளக்கை வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் நடுவில் தொங்கவிடுவதுதான் தவறுகளில் முதன்மையானது. சின்னப் பெட்டியில் நடுவில் சூடு வைத்தால் பெட்டி முழுக்கச் சூடு. குஞ்சு ஒதுங்க இடமில்லை. வாயைத் திறந்து மூச்சிரைக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும், தண்ணீர் குடித்துக் குடித்துச் சோர்ந்துவிடும். எச்சம் பின்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து துவாரத்தை அடைப்பதற்கும் அதிக வெப்பம் ஒரு காரணம். அப்படி அடைத்திருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள்.

ஆகவே பெட்டி நீளமாக இருக்கட்டும். ஏழெட்டுக் குஞ்சுகளுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் என்றால் முதல் மூன்று நான்கு வாரங்களுக்குத் தாராளம். சூடு ஒரு முனையில் மட்டும். தண்ணீரும் தீவனமும் மறுமுனைப் பக்கம். மேல்மூடி முழுக்கக் கம்பி வலை. எங்கே படுப்பது என்பதைக் குஞ்சே முடிவு செய்துகொள்ளும், நம்மைவிடச் சரியாகவே செய்யும். ஊரில் பஞ்சாரத்துக்குள் தாயோடு கவிழ்த்து வைத்த குஞ்சுகளைக் கவனித்திருப்பவர்களுக்கு இது தெரியும்: வேண்டும்போது இறக்கைக்குள் போகும், சூடு போதும் என்றால் தலையை வெளியே நீட்டும், அப்புறம் முழுதாக வெளியே வந்து கிளறத் தொடங்கும்.

தெர்மாமீட்டரைப் பெட்டிச் சுவரில் உயரத்தில் ஒட்டிவிட்டு "35 காட்டுகிறதே" என்பதும் வழக்கமான பிழை. குஞ்சின் முதுகு இருக்கும் உயரத்தில், அதாவது பெட்டித் தரையில் விரித்த கூளத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், விளக்குக்கு நேர் கீழே ஒருமுறையும் மறுமுனையில் ஒருமுறையும் அளக்க வேண்டும். அதையும்விட நம்பகமானது குஞ்சுகள் படுத்திருக்கும் விதம். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கீச்சிட்டால் குளிர். ஓரங்களுக்கு ஓடி ஒட்டிக்கொண்டால் வெப்பம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று நேராக அடிக்கிறது, பெரும்பாலும் நீங்கள் இரக்கப்பட்டு வைத்த மின்விசிறிதான். பரவலாக ஆங்காங்கே படுத்திருந்தால் எதையும் தொடாதீர்கள். மூலைகளில் குவிந்து நசுங்கும் வழக்கம் உண்டு என்பதால் நான்கு மூலைகளையும் அட்டை வளைத்து உருண்டையாக்கிவிடுவது நல்லது.

எந்த விளக்கு

பழைய இழை பல்பை வைத்துச் சொல்லப்பட்ட அறிவுரைகளை இங்கே பின்பற்ற முடியாது. கடையில் இப்போது கிடைப்பதெல்லாம் எல்இடி. எல்இடியில் வெளிச்சம் வரும், குஞ்சுக்குப் பயன்படும் அளவுக்குச் சூடு வராது. "60 வாட்டுக்குச் சமம்" என்று அட்டையில் எழுதியிருப்பது வெளிச்சத்தின் கணக்கு. அதை நம்பி மழை இரவில் குஞ்சுகளை விட்டவர்கள் காலையில் கண்டது நல்ல காட்சியாக இருந்திருக்காது.

செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் வெளிச்சமே தராத பீங்கான் வெப்ப பல்பு கிடைக்கும். சின்னதாக 40 முதல் 60 வாட் போதும். அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். இன்னொன்றையும் பாருங்கள்: உடையாமலிருக்க டெஃப்லான் பூசிய வெப்ப விளக்குகள் உண்டு. சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்து வரும் வாயு பறவைகளைக் கொல்லும். அட்டையில் பிடிஎஃப்இ என்றோ டெஃப்லான் என்றோ இருந்தால் வாங்காதீர்கள்.

விளக்கை அதனோடு வரும் கிளிப்பை மட்டும் நம்பித் தொங்கவிட வேண்டாம். கீழே இருப்பது காய்ந்த மரச்சீவல். ஒரு சங்கிலி, அது அறுந்தாலும் தாங்க இன்னொரு கம்பி, இரண்டும் வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும் சங்கிலிதான் வசதி. என்னைக் கேட்டால், காசு கொஞ்சம் கூடினாலும் வெப்பத் தட்டு வாங்குவதே மேல் என்பேன். நான்கு காலில் நிற்கும் தட்டு. குஞ்சுகள் அதனடியில் புகுந்து முதுகு படப் படுத்துக்கொள்ளும். மின்சாரம் குறைவு, தீ பயமும் வெகுவாகக் குறைவு, பெட்டிக் காற்று சூடாவதில்லை, இரவு இரவாகவே இருக்கும். நம் வானிலைக்கு இது அளவெடுத்துத் தைத்தது மாதிரி.

பகலில் அணைத்து வைத்த விளக்கை மறந்துபோகிற ஆபத்து டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகம். நாள் முழுக்க அடைமழை பெய்தால் பகலிலேயே 24-க்கு வந்துவிடும். ஆண்டின் நடுவில் விடியற்காலையில் அடித்துப் பெய்யும் சுமத்ரா காற்றுமழையும் அப்படித்தான். முதல் இரண்டு வாரத்துக்குள் இருந்தால் எழுந்து போய் ஸ்விட்சைப் போடுங்கள்.

ஈரம்

வெப்பத்துக்கு அடுத்த எதிரி இது. நம் காற்றில் ஈரப்பதம் அதிகம், கூளம் தானாகக் காயாது. ஈரமும் சூடும் சேர்ந்த கூளத்தில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். எச்சத்தில் இரத்தம், தொங்கிய இறக்கை, தீவனத்தைத் தொடாமல் கூனி நிற்பது, இவற்றைக் கண்டால் காத்திருக்கக்கூடாது. கோழி பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதைக் குஞ்சு பொரிக்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மருத்துவமனையிலும் பார்ப்பதில்லை.

தமிழ் முரசை வாசித்து முடித்துத் தரையில் விரித்துவிடுவது எளிதுதான். ஆனால் வழுவழுப்பான செய்தித்தாளில் பிஞ்சுக் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் அகன்றே நின்றுவிடும். முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சொரசொரப்பான சமையலறைக் காகிதம் விரிக்கலாம். பிறகு ஹாம்ஸ்டருக்கு விற்கும் பைன் மரச்சீவல், இரண்டு அங்குல கனம். சீடார் மரச்சீவல் வேண்டாம், அதன் நெடி மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பொடி மரத்தூளும் வேண்டாம், தீவனம் என்று கொத்தித் தின்னும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள கூளத்தைத் தினமும் அள்ளி மாற்றுங்கள். குனிந்து குஞ்சின் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண்ணைக் கரிக்கும் நெடி இருந்தால் எப்போதோ மாற்றியிருக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஆழமான கிண்ணம் வைத்தால் குஞ்சு மூழ்கும். குஞ்சுகளுக்கான தண்ணீர்க் குப்பி, அதன் விளிம்பில் முதல் வாரத்துக்குக் கூழாங்கல். ஒரு வாரம் ஆனதும் குப்பியைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றினால் கூளமும் எச்சமும் தண்ணீரில் விழாது. மாற்று வாளி, கழுவி வைத்த தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும், சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கும் அது போதும்.

வலை

அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எலியை வெளியே வைக்காது. பாம்பையும்தான். கால்வாய்களை ஒட்டிய வீடுகளில் மலைப்பாம்பு வருவது சிங்கப்பூரில் புதிதல்ல. அதன் குட்டி பென்சிலைவிடத் தடிமனாக இருந்தாலும் ஓரங்குல ஓட்டையில் நுழைந்துவிடும். அரை அங்குலமோ அதற்கும் குறைவோ கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். வலையை ஸ்டேப்ளர் ஊசியால் மட்டும் அடிக்காமல் வாஷரும் திருகும் போட்டு இறுக்குங்கள். பக்கச் சுவர் உயரம் என்று மூடியைத் தள்ளிப்போட வேண்டாம், இரண்டு வாரத்தில் குஞ்சு ஓரடிக்கு மேல் எம்பும்.

தீவனம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குஞ்சுத் தீவனம் என்று தனியாக உள்ளதையே கொடுங்கள். அரிசிக் குருணை மட்டும் போட்டால் புரதம் போதாது. முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஐந்து, ஆறு வாரத்தில் இறகு முழுதாக மூடியதும் வெளிக்கூட்டுக்கு மாற்றலாம். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் எது சேவல் என்று தெரியத் தொடங்கும். பொரித்ததில் பாதி சேவலாக இருக்கலாம், விடியற்காலை நான்கு மணிக்குக் கூவுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லா நாளும் பொறுத்துக்கொள்ள மாட்டார். சேவல்களை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று முட்டை வைக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.