பியூரிட்டன் காலத்துக் கள்ள உறவு வழக்குகளைப் படிப்பது எப்படி

பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் குடியேறிய 17ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தின் (இன்றைய அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) கள்ள உறவு வழக்குப் பதிவு ஒன்றைப் படிக்க உட்காருகிறீர்கள் என்றால், 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் வருவதுபோல, கள்ள உறவுக்குத் தண்டனையாக மார்பில் 'ஏ' என்ற எழுத்தைச் சுமந்து நிற்கும் பெண்ணின் படத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தண்டனை இருந்தது, ஆனால் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை.

அதனால் முதலில் ஊரையும் ஆண்டையும் பாருங்கள். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் 1641 சட்டத் தொகுப்பில் கள்ள உறவுக்கு மரண தண்டனை. பக்கத்துக் குடியேற்றமான பிளைமவுத்தில் 1658 சட்டப்படி இரண்டு முறை கசையடி, அப்புறம் துணியில் வெட்டிய ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளை (கள்ள உறவைக் குறிக்கும் adultery என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகள்) மேலுடையின் கையிலோ முதுகிலோ தைத்துக்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸ் 1694இல்தான் எழுத்துக்கு வந்தது: கழுத்தில் கயிற்றோடு தூக்குமேடையில் ஒரு மணி நேரம், 40 வரை கசையடி, இரண்டு அங்குல உயரத்தில் ஏ. தேதியிலும் கவனம் வேண்டும். அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது, அதனால் பிப்ரவரியில் நடந்தது பழைய ஆண்டின் பெயரிலேயே பதிவாகியிருக்கும்.

அடுத்து, அந்தப் பெண் திருமணமானவளா, நிச்சயமானவளா என்று தேடுங்கள். சட்டம் பார்த்தது அதை மட்டும்தான். மனைவி இருக்கும் ஆண் மணமாகாத பெண்ணோடு பழகினால் அது சிறிய குற்றமாகவே எண்ணப்பட்டது. இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டால் பாதித் தீர்ப்புகள் புரியாது.

மரண தண்டனைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற வேதாகம விதியை அவர்கள் பெரும்பாலும் மதித்தார்கள். உயிர் போகும் தீர்ப்புக்குத் தயங்கிய நடுவர்கள் குற்றத்தின் பெயரைக் குறைத்து, 'ஒழுக்கமற்ற நடத்தை' என்று எழுதிக் கசையடியோடு விட்டதும் உண்டு. ஆகவே தண்டனை குறைவு என்பதால் ஊர் மன்னித்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மாசசூசெட்ஸில் நடந்த மேரி லேதம் வழக்கை நிதானமாகப் படியுங்கள். நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஜான் வின்த்ரோப்பின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. அவர் அந்தக் குடியேற்றத்தின் தலைவர்களில் ஒருவர், அதாவது தண்டித்தவர்கள் பக்கம். மேரிக்கு வயது சுமார் 18. விரும்பியவன் மறுத்துவிட, அடுத்து வருபவரை மணப்பேன் என்று சபதம் செய்து, வேண்டியவர்கள் தடுத்தும் ஒரு முதியவரை மணந்தாள். ஜேம்ஸ் பிரிட்டனோடு உறவு என்ற குற்றச்சாட்டு வந்தபோது நேரடிச் சாட்சிகள் இருவர் இல்லை என்று நீதிபதிகளிலேயே சிலர் தயங்கினார்கள். நடுவர் குழு குற்றவாளி என்றது, அதன்பின் அவளும் ஒப்புக்கொண்டாள். இன்னும் 12 ஆண்களின் பெயரைச் சொன்னாள். ஐந்து பேர் பிடிபட்டு மறுத்தார்கள், தண்டனை பெற்றவளின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று அவர்கள் மேல் நடவடிக்கை இல்லை. 1644 மார்ச்சில் பாஸ்டனில் அவளும் பிரிட்டனும் தூக்கிலிடப்பட்டார்கள். இதைப் படித்துவிட்டு எனக்கு அந்தச் சமூகத்தின் மேல் கோபம் வராமல் இல்லை. ஆனாலும் பதிவில் விசாரணையின் நடுவே வந்து பிறகு மறைந்துபோகும் பெயர்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு யாரைச் சுட்டது, யாரை விட்டது என்பது அங்கேதான் தெரியும்.

கடைசியாக, நீதிமன்றப் பதிவோடு திருச்சபைப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள். சபை யாரையும் தூக்கிலிட முடியாது. கண்டிக்கும், விலக்கும், எல்லோர் முன்பும் பாவத்தை அறிக்கை செய்தால் திரும்பச் சேர்க்கும். படைத்தலைவர் ஜான் அண்டர்ஹில் 1640இல் பாஸ்டன் சபையில் மோசமான உடையோடும் கண்வரை இழுத்த அழுக்குத் தொப்பியோடும் நின்று அழுது தன் கள்ள உறவை ஒப்புக்கொண்டார், சபை ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் டச்சுக் குடியேற்றத்துக்காகப் படை நடத்திக்கொண்டிருந்தார்.