எண் வேறு, எழுத்து வேறு: அடிமானக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலகையில் (13)₅ என்று எழுதி, இது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேராவது உடனே ‘ஒற்றைப்படை’ என்பார்கள். கடைசியில் 3 நிற்கிறதே! ஆனால் கீழே சிறிதாக நிற்கும் 5 தான் அடிமானம்: இடமதிப்பு பத்துப் பத்து மடங்காக அல்ல, ஐந்தைந்து மடங்காக ஏறும். அப்படி ஐந்தை அடிமானமாகக் கொண்டால் 13 என்பது ஓர் ஐந்தும் மூன்று ஒன்றுகளும். மொத்தம் எட்டு, அதாவது இரட்டைப்படை.

கடைசி இலக்கத்தைப் பார்த்துச் சொல்லும் வழி, அடிமானம் இரட்டைப்படையாக இருக்கும்போதுதான் பலிக்கும். நாம் புழங்கும் 10, 2, 8, 16 எல்லாமே இரட்டைப்படை என்பதால் இது கண்ணில் படுவதே இல்லை. அடிமானம் 5 என்றால் 1, 5, 25, 125 என எல்லா இடமதிப்பும் ஒற்றைப்படை. அங்கே இலக்கங்கள் அனைத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்: 1 + 3 = 4, இரட்டைப்படை.

அடுத்தது, ஒன்பதின் விதி. இலக்கங்களின் கூடுதல் 9-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். 9 பத்தைவிட ஒன்று குறைவு, காரணம் அவ்வளவுதான். எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறையில் அந்த இடம் 7-க்கு. ஏனென்றால் 8, 64, 512 எதை 7-ஆல் வகுத்தாலும் மீதி 1. (3301)₈-ஐ எடுங்கள். 3 + 3 + 0 + 1 = 7, ஆகவே 7-ஆல் வகுபடும். பதின்ம முறைக்கு மாற்றினால் 1729, நம் ராமானுஜன் எண்! 7 × 247.

இந்த 1729-லேயே கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டி இரண்டு விதமாகப் பெறக்கூடிய மிகச் சிறிய எண் இது: 12³ + 1³, 10³ + 9³. இது எண்ணின் குணம், எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாது. இன்னொரு சிறப்பும் சொல்வார்கள்: இலக்கங்களின் கூடுதல் 19, 1729 = 19 × 91. இப்படித் தன் இலக்கக் கூடுதலால் வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவர் இந்தியக் கணிதவியலாளர் கப்ரேக்கர். எண்ம முறையிலும் இது பொருந்துவதை மேலே பார்த்தோம். பதினாறை அடிமானமாக்கினால் இலக்கங்கள் 6, 12, 1 (அங்கே 12-உம் ஒரே இலக்கம்). கூடுதல் மறுபடியும் 19, அங்கும் பொருந்துகிறது. மூன்று இடத்தில் சரியாக வந்ததும் ‘எல்லா அடிமானத்திலும் வரும்’ என்று எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டில் எழுதினால் 1001. கூடுதல் 2, ஒற்றைப்படை எண் 2-ஆல் எப்படி வகுபடும்? ஆனால் அதே 1001-இல் 12³ + 1 கண்ணெதிரே நிற்பது எனக்கு இன்றும் பரவசம்.

பகா எண்ணிலும் இதே குழப்பம்தான். பதின்மூன்று இருமத்தில் (அடிமானம் 2) 1101 ஆனாலும் பகா எண்தான். ‘11’ என்ற எழுத்து பதின்மத்தில் பகா எண், (11)₃ நான்கு. மாறாக 121 என்ற எழுத்து, 2 என்ற இலக்கம் உள்ள எந்த அடிமானத்திலும் முழு வர்க்கம்: மூன்றில் 16, எட்டில் 81. அடிமானத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கப்படுத்தினால் வருவது அதுவே.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று. சி மொழியில் முன்னால் பூஜ்யம் போட்டால் அது எண்ம எண். வரிசை அழகாக இருக்கட்டும் என்று 007, 008, 009, 010 என எழுதினால், 008-க்கும் 009-க்கும் கம்பைலர் பிழை காட்டும், திருத்திவிடலாம். 010 மட்டும் சத்தமில்லாமல் எட்டாகிவிடும்.