தங்கம் அரிக்கப் பழகலாம், வீட்டுத் தொட்டியடியில்

போன பொங்கல் விடுமுறையில் அக்கா மகன் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தட்டோடு வந்து நின்றான். ஆற்று மணலில் தங்கம் அரிப்பதற்கென்றே செய்த தட்டு, ஆன்லைனில் வாங்கியிருந்தான். "மாமா, சத்திக்கு மேல மாயாத்துல ஒரு நாள் அரிச்சுப் பாத்துட்டு வந்தர்றமுங்க" என்றான். சத்தியமங்கலம் காட்டுக்குள் ஓடும் மாயாற்றைத்தான் சொல்கிறான். கூட்டாளிகள் மூன்று பேர், இரண்டு பைக், ஒரு மண்வெட்டி. கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே, அதுவரை நல்லது. அன்று அவனைப் போகவிடாமல் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தட்டைத் தொடுவதற்கு முன்னால்

அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் வெளிநாட்டில் எடுத்தவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்று ஒரு அனுமதிச் சீட்டு வாங்கினால், கைக் கருவிகளை மட்டும் வைத்து அரசு நிலங்களில் தேடலாம். அங்கேயும் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடைதான். நியூசிலாந்தில் பொதுமக்கள் அரிப்பதற்கென்றே அரசு சில ஓடைகளை ஒதுக்கியிருக்கிறது. நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. 1957-ஆம் ஆண்டின் கனிமங்கள், சுரங்கங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தங்கத்தை எடுப்பது மட்டுமல்ல, தேடுவதே குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. தட்டு சின்னது, பொழுதுபோக்குக்குத்தான் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் தங்கத்துக்கு உரிமம் வேண்டும். ஆற்று மணலும் கனிமக் கணக்கில்தான் வருகிறது, அனுமதியில்லாமல் அள்ளினால் வழக்கு.

காடு என்றால் இன்னும் கடுமை. சத்தியமங்கலம் 2013-இல் புலிகள் காப்பகமானது. ஆனைமலையும் முதுமலையும் அதற்கு முன்பே ஆகிவிட்டன. அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம், அங்கே கிடக்கும் கல்லும் மண்ணும்கூட வனப்பொருள்தான்.

இந்த விதி எனக்கு முழுமனதோடு சம்மதம். மாயாற்றில் மகசீர் மீனில் திமில் உள்ள வகை ஒன்று இருக்கிறது. காவிரியிலும் அதில் சேரும் ஆறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, இப்போது அழியும் விளிம்பில் இருக்கிறது. கூழாங்கல் படுகையை நம்பி முட்டையிடும் மீன். நான்கு பேர் ஒரு நாள் முழுக்க அந்தப் படுகையைக் கிளறினால் கலங்கிய சேறு கீழே எவ்வளவு தூரம் போய்ப் படியும் என்று யோசித்துப் பாருங்கள். கோடையில் அதே மடுவுக்குத்தான் யானையும் தண்ணீர் குடிக்க வரும்.

சரி, வேலைக்கு வருவோம். தங்கம் அரிப்பதில் கற்றுக்கொள்ள வேண்டியது முழுக்கக் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. அதற்கு ஆறும் வேண்டாம், தங்கமும் வேண்டாம்.

படி 1: தட்டு

அவன் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்கு அம்மிச்சியின் அரிக்கஞ்சட்டிதான் நினைவுக்கு வந்தது. உட்புறம் வரிவரியாக மேடு ஓடும் சட்டி. அரிசியைத் தண்ணீரோடு போட்டு ஒரு பக்கமாக ஆட்டிச் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்கு வழியும், கல் வரியில் மாட்டிக்கொண்டு நிற்கும். தங்கத் தட்டின் ஓரத்தில் இருக்கும் வரிகளுக்கும் அதே வேலைதான். வீட்டில் பழைய அரிக்கஞ்சட்டி இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் அகலமான, விளிம்பு சாய்ந்த பேசின் போதும்.

எதை எடுத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிசுக்கு இருந்தால் தூளாக உள்ள உலோகம் தண்ணீரின் மேல் ஏடு போல மிதந்து போய்விடும். தொட்டித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் மிதக்காது.

படி 2: மணல்

ஆற்றுக்குப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் கட்டட வேலையில் மிஞ்சிய காவிரி மணல் வேப்பமரத்தடியில் பல வருடமாகக் கிடக்கிறது. இப்படி எல்லா ஊரிலும் யார் வீட்டிலாவது ஒரு குவியல் இருக்கும், கேட்டால் ஒரு பக்கெட் கொடுப்பார்கள்.

படி 3: தங்கத்துக்குப் பதில் ஈயம்

தூண்டில் சாமான் விற்கும் கடையில் சின்ன ஈயக்குண்டு கிடைக்கும். சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, கடுகளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணிப் பத்து. ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்கு கனம், தங்கம் 19 மடங்கு, வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மணல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஈயத்தைத் தப்பவிடாமல் பிடிக்கப் பழகிய கைக்குத் தங்கம் அதைவிட எளிது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: அரிப்பது

தட்டில் முக்கால் அளவுக்கு மணல் போட்டு, பத்து ஈயத் துண்டையும் உள்ளே புதைத்துக் கலக்குங்கள். தட்டைத் தொட்டித் தண்ணீருக்குள் முழுசாக அமுக்கி, கட்டி இருந்தால் விரலால் கரைத்து, பெரிய கல்லைக் கழுவி வெளியே போடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். தட்டைத் தண்ணீருக்குள்ளேயே மட்டமாகப் பிடித்து இடமும் வலமுமாக வேகமாகக் குலுக்குங்கள், இருபது எண்ணும் வரைக்கும். மணல் முழுவதும் கூழ் போல இளகி ஆட வேண்டும். அப்போதுதான் கனமானது கீழே இறங்கும். அக்கா மகன் முதலில் செய்த தப்பு இங்கேதான். வீடியோவில் பார்த்த மாதிரி எடுத்தவுடனே சுழற்றினான், ஈயம் மேலேயே நின்று மணலோடு வெளியே போய்விட்டது.

குலுக்கியதும் வரிப்பக்கம் எதிரே இருக்கும்படி தட்டை லேசாகச் சாயுங்கள். விளிம்பைத் தண்ணீரில் முக்கி, தூக்கி, மறுபடி முக்கினால் தண்ணீர் திரும்பும்போது மேல் மணலை ஒரு படலமாக இழுத்துக்கொண்டு போகும். கையால் தள்ள வேண்டாம், தண்ணீரே செய்யட்டும். நான்கைந்து முக்குக்கு ஒரு முறை மட்டமாக்கி மறுபடி குலுக்குங்கள். குலுக்கு, சாய், முக்கு, குலுக்கு. வெள்ளை மணல் குறையக் குறைய அடியில் கறுப்பு தெரியும். அங்கிருந்து வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஸ்பூன் அளவு கருமணல் மிஞ்சியதும், கொஞ்சம் தண்ணீர் மட்டும் வைத்துத் தட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். கருமணல் வால் போல நீளும், வால் தொடங்கும் இடத்தில் ஈயம் நிற்கும்.

அவன் முதல் தடவை எடுத்தது நான்கு. மீதி ஆறும் தொட்டியின் அடியில் கிடந்தன. அதனால்தான் ஓடும் தண்ணீரில் பழகாமல் தொட்டியில் பழகச் சொல்கிறேன், தவறவிட்டது எங்கே போனது என்று தெரியும். அடுத்த முறை ஏழு, விளக்கு வைக்கும் நேரத்தில் பத்தும்.

படி 5: மிஞ்சியதைப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கருமணலைக் காகிதத்தில் கொட்டிக் காயவிட்டு, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே கொண்டுபோனால் பாதி மணல் முள்முள்ளாக எழுந்து ஒட்டும். அது காந்த இரும்புத் தாது. சேலம் கஞ்சமலை முழுக்க இருக்கும் அதே சரக்கு. ஒட்டாமல் நிற்பதில் இளஞ்சிவப்பாகச் சில மணிகள் தெரிந்தால் அவை கார்னெட். லென்ஸ் வைத்துப் பாருங்கள், மாதுளை முத்து மாதிரி இருக்கும்.

அப்புறம், பொன்னிறத்தில் தகதகவென்று ஒன்று மின்னும். எல்லோரும் துள்ளிக் குதிப்பது அங்கேதான். ஊசி முனையால் குத்திப் பாருங்கள். ஏடு ஏடாகப் பிரிந்தால் காக்காப்பொன், அதாவது அப்பிரகம். பொடிந்து கறுப்புத் தூளானால் இரும்புக் கந்தகம். தங்கம் உடையாது, ஊசி பட்ட இடம் குழியும். வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டுபோனாலும் அதன் நிறம் மங்காது. காக்காப்பொன் நிழலில் அணைந்துவிடும். எதைப் பிரிக்கவும் பாதரசம் மட்டும் தொடாதீர்கள், அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும்.

தங்கம் எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்டான். கூடலூருக்கு அப்பால் தேவாலா, பந்தலூர் மலைகளில் வெங்கச்சங்கல் பாறைக்கு நடுவில் தங்கம் உண்டு. 1880-ஐ ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் லண்டனில் பங்கு விற்றுச் சுரங்கம் தோண்டி, சில வருடத்திலேயே நொடித்துப் போயின. பாண்டியாறு–புன்னம்புழா தண்ணீரைக் கிழக்கே திருப்பி மாயாற்றில் விடச் சொல்லி நம் விவசாயிகள் எத்தனை காலமாகக் கேட்கிறார்கள்! அந்தத் தண்ணீர் இறங்குவது அந்த மலைப்பக்கத்தில்தான். மேற்கே கேரளத்துச் சாலியாற்றில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில் நிலம்பூர்ப் பக்கம் மரத்தட்டில் தங்கம் அரிக்கும் பழக்கம் வந்தது அதனால்தான்.

இப்படிப் பழகிய கண்ணுக்கு வேறு சிலதும் படும். கரூரில் அமராவதி மணலிலிருந்து சேரர் காசும் ரோமானியக் காசும் வெளிவந்திருக்கின்றன. கொடுமணலில் நொய்யல் கரையில் மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்திருக்கிறார்கள். காட்டோரத்துப் பாண்டுக்குழியிலோ (பழங்காலத்து ஈமக்குழி), கோயில் மேட்டிலோ மெட்டல் டிடெக்டரோடு போய்த் தோண்டுவது அறவே கூடாது. ஒரு காசு எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அது யார் காலத்தது, அங்கே யார் இருந்தார்கள் என்று படிக்க முடியும். பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் உலோகத் துண்டு.

கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ தானாகவே கிடைத்தால் தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். கிடந்தபடியே போட்டோ எடுங்கள், கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மனுவில் என்ன கிடைத்தது, சுமாரான மதிப்பு என்ன, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று எழுதி, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.