பழைய அருவாளா, பழுக்க வைத்த அருவாளா?

மதுரையில் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு அருவாளைக் கையில் எடுத்தால் போதும், "மருது பாண்டியர் காலத்துச் சரக்கு சார்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் ஒருமுறை மயங்கி வாங்கி, பெருமையாக, அருவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்திக்குக் கொண்டுபோய் ஒரு கொல்லரிடம் காட்டினேன். பெரியவர் அதன் முதுகில் கட்டைவிரலை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, "லாரிப் பட்டைல்ல தம்பி இது, எம்புட்டுக் குடுத்தீக?" என்றார். நான் தொகையைச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் மாதிரி, அது பழுக்க வைத்த அருவாள்.

அன்றைக்கு அவரிடம் கேட்டதையும், அப்புறம் நானாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் இரும்பைப் பாருங்கள். இன்றைய அருவாள் பெரும்பாலும் லாரியின் கழித்துப்போட்ட பட்டையில், அதாவது ஆட்டம் தாங்க அடியில் அடுக்கியிருக்கிற வில்பட்டையில், அடிப்பது. அது மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை, வெட்டுவதற்கு அருமையான எஃகுதான், ஆனால் லாரியே இல்லாத காலத்து அருவாளில் லாரிப் பட்டை எப்படி வரும்? முதுகு முழுக்க ஒரே கனமாக, ஓரம் அச்சில் வார்த்ததுபோல் சீராக உருண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நடுவில் போல்ட் ஓட்டையை அடைத்த தடம் இருந்தால் பேச்சே வேண்டாம். கரி உலையில் உருக்கிய அந்தக் காலத்து இரும்பில் கசடு முழுசாகப் போகாது, அடிக்க அடிக்க அது இழை இழையாக நீளும். அதனால் துரு அரித்த இடத்தில் மரத்தின் நார் மாதிரி வரிகள் தெரியும். எஃகு விலை கூடியதாக இருந்ததால் உடம்பை மெது இரும்பில் அடித்து, வெட்டுகிற விளிம்பான வாய்க்கு மட்டும் எஃகு வைத்து ஒட்டுவதும் உண்டு. அப்படி ஒட்டியதில் வாயை ஒட்டி ஒரு மங்கலான கோடு ஓடும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம்.

அடுத்தது துரு. ஏமாறுவது இங்கேதான். ஆசிட் ஊற்றுவது, உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது, எருக்குழியில் புதைப்பது என்று பல வழி இருக்கிறது, எல்லாமே சில வாரத்தில் முடிகிற வேலை. வெள்ளைத் துணியில் துளி நல்லெண்ணெய் விட்டு அழுத்தித் தேயுங்கள். செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சாக வந்தால் அது புதுத் துரு. பழைய துரு கருப்பும் காப்பிக்கொட்டை நிறமுமாக இரும்போடு இறுகிப்போயிருக்கும், லேசில் வராது. ஆனால் அவசரப்படக் கூடாது, நிஜமான பழைய அருவாளும் போன ஐப்பசி மழையில் நனைந்திருந்தால் மேலே ஆரஞ்சு படிந்திருக்கும், அதற்கு அடியில் கருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிட் பட்டதில் குழிகள் எல்லாம் ஒரே அளவாக, அம்மைத் தழும்பு போல உடம்பு முழுக்கச் சமமாக இருக்கும். தானாகப் பிடித்த துருவுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மரப்பிடி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பிடி ஓரத்தில் அதிகமாக அரித்திருக்கும், வேறெங்கோ தொடவே தொட்டிருக்காது. துருவுக்கு அடியில் வளைவு வளைவான கீறல் வரிசை தெரிந்தால் அது கிரைண்டர் மிஷின் போட்ட கோலம்.

தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரும்பு, பிடி, பிடியை இறுக்குகிற பூண் வளையம் மூன்றும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். அம்பது வருஷம் கருவேலம் வெட்டிய அருவாள் என்றால், தீட்டித் தீட்டி வாய் நடுவில் உள்வாங்கியிருக்கும், பிடியில் விரல் படிகிற இடம் மட்டும் வழவழவென்று கருத்திருக்கும். வாய் அப்படியே முழுசாக இருந்து பிடி மட்டும் கிழடாக இருந்தால் டீ டிகாஷனோ ஷூ பாலிஷோ வேலை செய்திருக்கிறது, மோந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பழைய அருவாளுக்குப் பிடி மாற்றுவது சகஜம், அது குற்றமில்லை, மாற்றியதைக் கடைக்காரர் ஒப்புக்கொள்கிறாரா என்பதுதான் விஷயம். பூணுக்குள் எம்சீல் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட அருவாள் மட்டும் தனிக் கணக்கு. அது எதையும் வெட்டியதில்லை, அதனால் வாய் தேயாமலே இருக்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கைப் பாருங்கள்: வருஷக்கணக்கில் எண்ணெயும் சந்தனமும் புகையும் ஏறிய பிசுக்கு இடுக்குகளில் கருப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும். துருவின் மேல் பளிச்சென்று குங்குமம் அப்பியிருந்தால் அது நேற்றைய பூசை. நிஜமாகவே கோயில் அருவாளாக இருந்தால்? அது கடைக்கு எப்படி வந்தது என்று யோசியுங்கள். நான் வாங்க மாட்டேன்.

கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு கும்பினிக்காரன் பாளையப்பட்டு ஆயுதங்களையே பறித்தான், அதில் மிஞ்சியது கடைக்குக் கடை தொங்குமா என்ன?

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள், அதை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "இருநூறு வருஷம் சார்" என்கிறவரிடம், "அப்ப லைசென்ஸைக் காட்டுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அருவாளின் வயது அங்கேயே மடமடவென்று குறையும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளது தவிர, ஆயுதச் சட்டத்தின் கணக்கில் வரும் என்பதும் நினைவிருக்கட்டும், பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

நிஜமாகவே பழையது கிடைத்துவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், அந்தக் கருப்புத்தான் அதன் வயது. எண்ணெய் தொட்டுத் துடைத்து ஈரம் படாமல் வைத்தால் போதும். என்னுடைய மருது பாண்டியர் அருவாளுக்குப் பெரியவரே வாய் தீட்டிக் கொடுத்தார், வீட்டில் இளநீர் வெட்ட நன்றாகத்தான் இருக்கிறது.