மைக்ரோவேவில் சங்குப்பூச் சாறு எடுப்பது எப்படி

மலேசியாவின் பினாங்கில் நியோஞ்ஞா (சீன-மலாய்க் கலப்புச் சமையல்) பலகாரங்களுக்கு நீலம் தருவது சங்குப்பூதான். அந்த நீலத்தைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான், ஆனால் நிறையப் பேர் பூவை நெடுநேரம் கொதிக்க வைத்து அதை வீணாக்கிவிடுகிறார்கள். மைக்ரோவேவ் அலை இலை, பூவுக்குள் இருக்கும் ஈரத்தையே நேரடியாகச் சூடாக்குவதால் உள்ளே அழுத்தம் ஏறி செல்சுவர் உடைகிறது, சத்து சீக்கிரம் தண்ணீருக்கு வந்துவிடும்.

காய்ந்த பூ 2 கிராம், தண்ணீர் 100 மில்லி போதும். பூவைக் கையால் நொறுக்கி, கண்ணாடிக் குவளையில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள், உலர்ந்த செல்லுக்குள் ஈரம் ஏறினால்தான் அலைக்கு வேலை. மூடி போடாமல், உள்ளே ஒரு மரக்குச்சியை நிற்க வைத்து (தண்ணீர் திடீரென்று பொங்காமல் இருக்க), நடுத்தர சூட்டில் 20 வினாடி வையுங்கள். எடுத்துக் கலக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி 20 வினாடி. ஆவி லேசாகப் பறந்தால் சரி, கொதிக்கவே கூடாது. இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் இதழ் வெளுத்துப்போய் தண்ணீர் கருநீலமாகிவிடும்.

அப்புறம் மெல்லிய துணியில் வடிகட்டி, உடனே குளிரவைத்து, இரண்டு நாளுக்குள் பயன்படுத்துங்கள். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், அது கெட்டுப்போனதல்ல, புளிப்பு பட்டால் ஆந்தோசயனின் நிறம் மாறும்.

ஆய்வுக்கூடத்தில் தண்ணீருக்குப் பதில் எத்தனால் (ஆல்கஹால்) ஊற்றுகிறார்களே என்று வீட்டு மைக்ரோவேவில் அதை முயலவே வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். அங்கே இருப்பது அதற்கென்றே செய்த கருவி.